இரண்டாவதாக வாங்கிய கைத்துப்பாக்கியை முதலிலேயே வாங்கியிருக்க வேண்டும்

சுடுதளத்தில் அன்று காலை பயிற்சியாளர் என் மேகசினை (தோட்டாக்களை அடுக்கிச் செருகும் பெட்டியை) வாங்கிக்கொண்டு, எனக்கு முதுகைக் காட்டி நின்றபடி எட்டுத் தோட்டாக்களை நிரப்பிக் கொடுத்தார். அவற்றில் மூன்று மருந்தில்லாத போலித் தோட்டாக்கள் என்பது மட்டும் எனக்குத் தெரியும். அவை எந்த வரிசையில் இருக்கின்றன என்பது தெரியாது. முதல் இரண்டும் வெடித்தன. மூன்றாம் முறை ட்ரிக்கரை இழுத்தபோது ‘க்ளிக்’ என்ற சத்தம் மட்டுமே கேட்டது. ஆனால் துப்பாக்கியின் வாய் சும்மா இருக்கவில்லை, யாரோ மேலிருந்து தட்டியதைப் போல இரண்டு விரற்கடை கீழே போய் நின்றது. வெடிக்காத துப்பாக்கியை அப்படித் தாழ்த்தியது என் கைதான். “உங்கள் துளைகள் எல்லாம் ஏன் கீழே இடப்பக்கமாகவே விழுகின்றன என்று இப்போது தெரிகிறதா?” என்று கேட்டுவிட்டு அவர் அடுத்தவரைப் பார்க்கப் போய்விட்டார்.

நான் அப்போது வைத்திருந்தது சிறிய, இலேசான, பிளாஸ்டிக் உடல் கொண்ட 9 மி.மீ. பிஸ்டல். அதை வாங்கியதற்கு நான் எனக்கே சொல்லிக்கொண்ட காரணங்கள் இரண்டு. கைக்கு அடக்கமாக இருந்தது என்பது ஒன்று; .22 (குழலின் அளவு, அங்குலத்தில்) என்பது சிறுவர்கள் பழகும் விளையாட்டுச் சாமான், பெரியவர்கள் 9 மி.மீ.தான் சுட வேண்டும் என்ற வீண் நினைப்பு மற்றொன்று. இரண்டும் தவறு. இடுப்பில் மறைத்துக் கொண்டுபோகச் செய்யப்பட்ட துப்பாக்கிக்கு அடக்கம் ஒரு சிறப்பு. நின்ற இடத்தில் நின்று அட்டையில் துளையிடும் பொழுதுபோக்குக்கு அதே அடக்கம் ஒரு குறை. இலக்கு அட்டையைச் சுடுவதற்காக மட்டும் ஒரு கைத்துப்பாக்கியைத் தேர்ந்தெடுக்கிறவர், தற்காப்புக்காக எழுதப்பட்ட அறிவுரைகளில் முக்கால்வாசியை ஒதுக்கி வைத்துவிடலாம். குண்டின் ஊடுருவும் ஆற்றல், மேகசினின் கொள்ளளவு, உறையிலிருந்து உருவும் வேகம் ஆகிய எதுவும் அட்டைக்குத் தேவையில்லை.

ஒன்றை முன்னதாகச் சொல்லிவிடுகிறேன். உரிமம், வயது வரம்பு, வாங்கும் முறை, வீட்டில் பூட்டி வைக்கும் விதி ஆகியவை நாட்டுக்கு நாடு மாறும்; சில நாடுகளில் கைத்துப்பாக்கியைத் தனியார் வைத்திருக்கவே இயலாது. ஆகவே, எந்தத் துப்பாக்கி என்ற கேள்விக்கு முன்பு, எந்த வகைக்கு எனக்கு அனுமதி உண்டு, எந்தச் சுடுதளத்தில் அதைச் சுடலாம் என்ற கேள்விகளை முடித்துவிட வேண்டும். சங்கத்தில் சேர்ந்து, அங்குள்ள துப்பாக்கிகளைச் சில மாதம் சுட்டுப் பார்த்துவிட்டு வாங்குகிறவர்கள் என்னைப் போல இரண்டு முறை செலவு செய்வதில்லை.

என் கை ஏன் தாழ்ந்தது என்பதற்கு விடை எளிய இயற்பியல். ஒரு .22 எல்.ஆர். (லாங் ரைஃபிள் எனப்படும் வழக்கமான .22) குண்டு ஏறக்குறைய 2.6 கிராம் எடை கொண்டது; பிஸ்டல் குழலிலிருந்து அது நொடிக்கு சுமார் 300 மீட்டர் வேகத்தில் வெளியேறுகிறது. பரவலாகச் சுடப்படும் 9 மி.மீ. குண்டு ஏறக்குறைய 7.5 கிராம், வேகம் நொடிக்கு 350 மீட்டரை ஒட்டி வரும். ஒரே எடையுள்ள இரண்டு துப்பாக்கிகளில் இவற்றைச் சுட்டால், கைக்கு வந்து சேரும் பின்னுதைப்பின் ஆற்றல் இரண்டாவதில் பத்து மடங்குக்கு மேல். துப்பாக்கியின் எடையைப் பாதியாக்கினால் அந்த ஆற்றல் மேலும் இரட்டிக்கும். உதையோடு கூடவே அந்த வெடிச்சத்தமும் சேரும்போது, உடம்பு நம்மைக் கேட்காமலே அடுத்த வெடிக்கு முன்கூட்டித் தயாராகிவிடுகிறது. ட்ரிக்கர் விரல் அசையும் அதே கணத்தில் மணிக்கட்டும் சேர்ந்து தள்ளுகிறது. இது கோழைத்தனம் அன்று, பழக்கம். பழகிய பிறகு களைவதற்கு மாதக்கணக்காகும் பழக்கம். எனக்கு ஐந்து மாதங்கள் ஆயின.

அதனால்தான் முதல் துப்பாக்கி .22 ஆக இருக்கட்டும் என்று இப்போது யார் கேட்டாலும் சொல்கிறேன். 1887இல் வந்த இந்தத் தோட்டா இன்றுவரை சந்தையில் நிற்பதற்கு அதன் மலிவும் மென்மையுமே காரணம். இதன் பித்தளை உறை மெலிதானது. விளிம்புக்குள்ளேயே தீப்பற்றும் கலவை அடைக்கப்பட்டிருப்பதால், சுட்ட உறையை மறுபடி நிரப்பிப் பயன்படுத்த இயலாது. 1902இல் கியோர்க் லூகர் வடிவமைத்த 9 மி.மீ. தோட்டாவின் உறையை மறுநிரப்பு செய்யலாம், அப்படிச் செய்தும் .22-இன் விலைக்கு அது இறங்கி வருவது அரிது. வாரம் நூறு தோட்டா சுடுகிறவருக்கு ஓராண்டில் ஐயாயிரம் ஆகிவிடும். துப்பாக்கியின் விலையை நினைத்து நாம் தூக்கம் கெடுகிறோம். உண்மையில் பணம் போவது தோட்டாவில்தான்.

.22-க்கும் ஒரு தொல்லை உண்டு. விளிம்பில் கலவை சீராகப் பரவாத தோட்டா சில சமயம் வெடிக்காமல் நின்றுவிடும். தானாகத் தோட்டாவை ஏற்றிக்கொள்ளும் பிஸ்டல்கள் சில, குறிப்பிட்ட சில தோட்டா வகைகளை மட்டுமே தடங்கலின்றி ஏற்கும். ஆகவே புதிதாக வாங்கியதும் ஒரே வகையில் பெரிய பெட்டியாக வாங்கிக் குவிக்காமல், ஐந்தாறு வகைகளில் ஐம்பது ஐம்பதாக வாங்கிச் சுட்டுப் பார்ப்பது நல்லது. ‘க்ளிக்’ என்று மட்டும் கேட்டு வெடிக்காமல் போனால், வாயை இலக்கை நோக்கியே வைத்துக்கொண்டு முப்பது நொடி காத்திருந்த பிறகே திறக்க வேண்டும். தாமதித்து வெடிக்கும் தோட்டா அரிதுதான் என்றாலும் இல்லாமலில்லை.

இனி ட்ரிக்கருக்கு வருகிறேன். இலக்குச் சுடுதலுக்கான துப்பாக்கியில் ஒரே ஒரு உறுப்புக்குத்தான் பணம் கொடுக்க முடியும் என்றால் நான் ட்ரிக்கருக்குக் கொடுப்பேன், குழலுக்கு அன்று. நடுத்தர விலையுள்ள ஒரு .22 பிஸ்டலைத் தாங்கியில் இறுகப் பொருத்திச் சுட்டால், பெரும்பாலும் அதன் துளைகள் 25 மீட்டர் தூரத்தில் அட்டையின் நடுவில் ஐம்பது மி.மீ. விட்டமுள்ள பத்தாம் வளையத்துக்குள் அடங்கிவிடும். மீதிப் பிழை முழுவதும் நம்முடையது. நம் பிழையில் பெரும்பங்கு ட்ரிக்கரை இழுக்கும் அந்த அரை நொடியில் நிகழ்கிறது. நல்ல ட்ரிக்கரை இழுத்தால் முதலில் சற்றுத் தளர்வாக வரும். பிறகு சுவரில் முட்டியதுபோல நிற்கும். அந்த இடத்தில் அழுத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினால், மெல்லிய கண்ணாடிக் குச்சி ஒடிவதைப் போல, நகர்ந்தது தெரியாமல் விடுபடும். விடுபட்ட பிறகு விரல் பின்னால் ஓடாமல் அங்கேயே நிற்கும். மோசமான ட்ரிக்கர், மணல் கலந்த தாழ்ப்பாளைப் போல நறநறவென்று நகர்ந்து நகர்ந்து வரும். எப்போது விடுபடும் என்று தெரியாத பதற்றத்தில் நாமே வெடுக்கென்று இழுத்துவிடுவோம்.

கடைக்காரர்கள் ட்ரிக்கரின் எடையை, அதாவது அதை இழுக்கத் தேவையான விசையை, மட்டும் சொல்வார்கள். எடையைத் தனியாகப் பார்த்துப் பயனில்லை, துப்பாக்கியின் எடையோடு சேர்த்துப் பார்க்க வேண்டும் என்பது என் எண்ணம். எழுநூறு கிராம் எடையுள்ள பணித் துப்பாக்கியின் ட்ரிக்கரை இரண்டரை கிலோ விசையால் இழுக்கும்போது, துப்பாக்கியின் எடையைப் போல மூன்றரை மடங்கு விசை அதைப் பக்கவாட்டில் அசைக்கக் காத்திருக்கிறது. ஒன்றரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைந்த இலக்குத் துப்பாக்கியில் ஒரு கிலோ ட்ரிக்கர் என்றால், துப்பாக்கியின் கனமே நம் விரலின் தவறைத் தாங்கிக்கொள்கிறது. பன்னாட்டுப் போட்டி விதிகளும் இதை ஒட்டியே இருக்கின்றன: 25 மீட்டர் பிஸ்டல் போட்டியில் ட்ரிக்கர் குறைந்தது 1000 கிராம் தாங்க வேண்டும், துப்பாக்கி 1400 கிராமுக்கு மிகக் கூடாது, 10 மீட்டர் காற்றுப் பிஸ்டலில் இந்த எண்கள் 500 கிராமும் 1500 கிராமும் ஆகும். போட்டிக்குப் போகும் எண்ணம் சிறிதளவு இருந்தாலும் இந்த எண்களை மனத்தில் வைத்துக்கொண்டு வாங்குவது நல்லது. அதற்காகத் தொடக்கத்திலேயே ட்ரிக்கரை மிகவும் இலேசாக்கிக்கொள்ளக் கூடாது; விரல் தொட்டதும் வெடிக்கும் துப்பாக்கியைத் தேர்ந்தவர் கையில் மட்டுமே பார்க்க வேண்டும்.

அடுத்தது பிடி. கடையில் துப்பாக்கியைக் கையில் கொடுத்ததும் நாம் அனைவரும் செய்வது, கையில் எடுத்து ஆட்டிப் பார்த்து, “நன்றாக இருக்கிறது” என்று சொல்வதுதான். அதற்குப் பதிலாக இப்படிச் செய்து பாருங்கள். மேகசினை எடுத்துவிட்டு, ஸ்லைடை (மேலே முன்பின் நகரும் பகுதியை) இழுத்து, தோட்டா அறை காலியாக இருப்பதைக் கண்ணால் ஒருமுறையும் விரலால் ஒருமுறையும் உறுதிசெய்த பிறகு, கடைக்காரரின் அனுமதியோடு ஆளில்லாத சுவரில் ஒரு புள்ளியைத் தேர்ந்தெடுங்கள். கண்ணை மூடிக்கொண்டு கையை அந்தப் புள்ளியை நோக்கி உயர்த்தி நிறுத்திய பிறகு கண்ணைத் திறங்கள். துப்பாக்கியின் மேலே பின்பக்கம் இருக்கும் பின்குறியின் பள்ளத்துக்கு நடுவே, குழல் நுனியிலுள்ள முன்குறி தானாக வந்து நின்றிருந்தால் அந்தப் பிடியின் சாய்வு உங்கள் மணிக்கட்டுக்கு ஒத்துப்போகிறது. முன்குறி மேலே துருத்திக்கொண்டோ கீழே மறைந்தோ இருந்தால், ஒவ்வொரு குண்டுக்கும் மணிக்கட்டை வளைத்துச் சரிசெய்துகொண்டே இருக்க நேரிடும். ஐம்பதாவது தோட்டாவில் களைப்பு தெரிந்துவிடும். ரூகர் நிறுவனத்தின் .22 பிஸ்டல்களில் மார்க் வரிசைக்கு ஒரு சாய்வும், 22/45 வகைக்குப் பழைய அமெரிக்க ராணுவத் துப்பாக்கியான 1911 பிஸ்டலைப் போன்ற வேறொரு சாய்வும் இருப்பது இதற்காகத்தான். உள்ளே இருக்கும் பொறி ஏறக்குறைய ஒன்றேதான்.

ட்ரிக்கரில் படுவது சுட்டுவிரலின் முதல் கணுவின் நடுச்சதையாக இருக்க வேண்டும். என் விரல்கள் குட்டை. பிடி பருத்த துப்பாக்கியில் விரல் நுனி மட்டுமே எட்டியது, அதனால் இழுக்கும்போது நேர்ப் பின்னால் வராமல் பக்கவாட்டில் தள்ளியது. இதைக் கண்டுபிடிக்காமல் மாதக்கணக்காகக் குறியைத் திருகிக்கொண்டிருந்தேன்.

இடக்கைக்காரர்கள் இன்னும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். உள்ளங்கைக்கு வார்த்ததுபோலச் செதுக்கிய மரப்பிடிகள் ஒரு கைக்கு மட்டுமே பொருந்தும். வலக்கைக்குச் செய்ததை இடக்கையில் பிடிக்கவே முடியாது. எந்தக் கை என்பதோடு எந்தக் கண் ஆளும் கண் (குறிபார்க்கும்போது முந்தி நிற்கும் கண்) என்பதையும் வாங்குவதற்கு முன்பே சோதித்துக்கொள்ளலாம். கை மாறினாலும் கலை கைவிடாது என்பதற்கு ஹங்கேரியின் கரோலி டகாச் இருக்கிறார்: 1938இல் கையெறிகுண்டு வெடித்து வலக்கை சிதைந்தது, இடக்கையால் பழகி, 1948, 1952 ஆகிய இரண்டு ஒலிம்பிக்குகளிலும் 25 மீட்டர் விரைவுச் சுடுதலில் தங்கம் வென்றார். அவரை நினைத்துக்கொண்டால், பிடி சரியில்லை என்று நான் அலுத்துக்கொண்டது எனக்கே சிரிப்பாக இருக்கிறது.

குழலின் நீளத்தைப் பற்றி ஒரு தவறான எண்ணம் உலவுகிறது. நீளமான குழல் குண்டை நேராக அனுப்பும் என்பார்கள். குழல் நீண்டால் நமக்குக் கிடைக்கும் உண்மையான நன்மை, முன்குறிக்கும் பின்குறிக்கும் இடையே உள்ள தூரம் கூடுவதுதான். இரண்டுக்கும் இடையே 150 மி.மீ. இருக்கும்போது முன்குறி ஒரு மி.மீ. விலகினால், 25 மீட்டர் தூரத்து அட்டையில் துளை 167 மி.மீ. தள்ளி விழும், இடைவெளி 250 மி.மீ. என்றால் அதே ஒரு மி.மீ. பிழைக்கு 100 மி.மீ. மட்டுமே தள்ளும். பின்குறி மேலும் கீழும் பக்கவாட்டிலும் திருகி நகர்த்தக்கூடியதாக இருப்பது இலக்குத் துப்பாக்கிக்குக் கட்டாயம். தோட்டா வகையை மாற்றினாலே துளைகள் விழும் இடம் மாறிவிடும் என்பதால், அசையாத பின்குறி கொண்ட துப்பாக்கியில் எப்போதும் ஒரு மூலையைக் கணக்கிட்டே சுட வேண்டியிருக்கும்.

நாற்பதைக் கடந்தவர்களுக்கு முன்குறி மங்கத் தொடங்கும். கண் ஒரே நேரத்தில் ஒரு தூரத்தில் மட்டுமே கூர்மையாகப் பார்க்கும் என்பதால், அட்டை சற்று மங்கினாலும் முன்குறி கூர்மையாகத் தெரிய வேண்டும் என்பதே இரும்புக் குறியின் விதி. கை நீட்டிய தூரத்துக்குக் கண்ணாடி செய்துகொள்வது ஒரு வழி. சிவப்புப் புள்ளி காட்டும் ரெட் டாட் பொருத்துவது மற்றொரு வழி. ரெட் டாட் பொருத்துவதற்கு மேற்புறம் தயாராக உள்ள துப்பாக்கியை வாங்கி வைப்பது பின்னாளில் உதவும். ஆனால் தொடங்குகிறவர்களுக்கு அதை உடனே பரிந்துரைக்க எனக்கு மனம் வரவில்லை. கையின் நடுக்கத்தை அந்தப் புள்ளி அப்படியே பெரிதாகக் காட்டும். புள்ளி கருவட்டத்தின் நடுவைக் கடக்கும் கணத்தில் ‘இப்போது’ என்று வெடுக்கென இழுக்கும் ஆசை வரும். இரும்புக் குறியிலும் கை அவ்வளவேதான் ஆடுகிறது. அது நம் கண்ணில் படுவதில்லை, அவ்வளவுதான்.

ரிவால்வரா (சுழலும் உருளையில் தோட்டா அறைகள் கொண்டது) பிஸ்டலா (மேகசினிலிருந்து தானே ஏற்றிக்கொள்வது) என்ற வாதத்தில் நான் நீண்ட நேரம் நிற்கப் போவதில்லை. ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் 617 போன்ற .22 ரிவால்வர், சுத்தியலைக் கட்டைவிரலால் பின்னுக்கு இழுத்து வைத்துச் சுடும்போது மிகத் தெளிவான ட்ரிக்கரைத் தரும். எந்தத் தோட்டாவைப் போட்டாலும் ஏற்றிக்கொள்வதில் தகராறு செய்யாது. முன்சொன்ன முப்பது நொடி காத்திருந்த பிறகு, வெடிக்காத தோட்டாவைக் கடந்து அடுத்த அறைக்குப் போய்விடலாம். மெதுவாகச் சுட விரும்புகிறவருக்கு அது போதும். கால வரம்புக்குள் ஐந்து குண்டு சுடும் பயிற்சிக்குப் பிஸ்டல் வசதி. 1957 முதல் வரும் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் 41, 1985 முதல் வரும் பிரவுனிங் பக் மார்க், 2016இல் வந்த ரூகர் மார்க் 4 ஆகியவற்றை இந்த வகையில் பார்க்கலாம். இவற்றில் கடைசியானது ஒரே பொத்தானை அழுத்தினால் துடைப்பதற்காகத் திறந்துகொள்ளும். ஈயமும் மெழுகும் படியும் .22 துப்பாக்கியை அடிக்கடி துடைக்க வேண்டியிருப்பதால் இது சின்ன வசதியன்று. 9 மி.மீ.தான் வேண்டும் என்று பிடிவாதமாக இருப்பவர், ஏறக்குறைய 1.33 கிலோ எடையுள்ள சீசெட் (CZ) ஷேடோ 2 போன்ற முழு உருக்குத் துப்பாக்கியை எடுத்துப் பார்க்கட்டும். நான் முதலில் வாங்கியதற்கும் அதற்கும் தோட்டா ஒன்றுதான், கைக்கு வரும் உதை வேறு.

உரிமமும் தோட்டாச் செலவும் தடையாக இருந்தால், 4.5 மி.மீ. காற்றுப் பிஸ்டலைக் குறைவாக எண்ண வேண்டாம். பத்து மீட்டரில் அதன் பத்தாம் வளையம் 11.5 மி.மீ. மட்டுமே, உதை இல்லாததால் நம் பிழை முழுவதும் ஒளிவுமறைவின்றி அட்டையில் வந்து நிற்கும். எனக்கு ட்ரிக்கரைக் கற்றுக்கொடுத்தது ஒரு பழைய காற்றுப் பிஸ்டல்தான் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

வாங்கும் பணத்தில் ஒரு பகுதியைக் காதுக்கும் கண்ணுக்கும் பூட்டுப்பெட்டிக்கும் ஒதுக்கிவைக்க வேண்டும். .22 பிஸ்டலின் சத்தம் கூட 140 டெசிபல் என்ற ஆபத்து எல்லையைத் தாண்டும்; ‘சின்னத் துப்பாக்கிதானே’ என்று காதை மூடாமல் சுடுகிறவர்களை இன்றும் பார்க்கிறேன். உள்ளரங்கச் சுடுதளத்தில் ஈயத்தூள் கையில் படியும். சோப்புப் போட்டுக் கழுவாமல் எதையும் வாயில் வைக்கக் கூடாது.

இரண்டாம் முறை வாங்குவதற்கு முன்பு நண்பர்களிடம் மூன்று .22 துப்பாக்கிகளைச் சுடுதளத்திலேயே இரவல் வாங்கி, அவர்கள் பக்கத்தில் நிற்க, ஒவ்வொன்றிலும் பத்துப் பத்துத் தோட்டாக்களை மூன்று சுற்றுச் சுட்டேன். அட்டைகளின் பின்புறம் பென்சிலால் எண் போட்டு வீட்டுக்கு எடுத்துவந்து மேசையில் பரப்பி, வெளிப்புறத் துளைகளுக்கு இடையே அளவுகோலை வைத்துப் பார்த்தேன். கையில் எடுத்தபோது மிகவும் பிடித்திருந்த இலேசான பிஸ்டலின் கூட்டம், அதாவது துளைகள் பரவிய அகலம், 120 மி.மீ.க்குக் குறையவே இல்லை. ரிவால்வரில் முதல் சுற்று நன்றாகவும் மூன்றாம் சுற்று களைப்பாகவும் வந்தது. பார்க்க அழகில்லாத, பிடியின் ரப்பர் தேய்ந்த, கனத்த குழல் கொண்ட மூன்றாவதில் மூன்று சுற்றும் எண்பது மி.மீ.யை ஒட்டியே இருந்தன. அதே வகையில் ஒன்றை, முன்பு ஒருவர் பயன்படுத்தியதாகப் பார்த்து, குழலின் வாய் விளிம்பில் கீறலோ தோட்டா அறையின் ஓரத்தில் தோட்டாவை வெடிக்கச் செய்யும் ஊசி மோதிய தழும்போ இல்லை என்று உறுதிசெய்துகொண்டு வாங்கினேன்.

பயிற்சியாளர் சென்ற வாரம் மறுபடியும் போலித் தோட்டாக்களைக் கலந்து கொடுத்தார். ‘க்ளிக்’ என்றபோது முன்குறி பள்ளத்தின் நடுவிலேயே நின்றது; ஆறாவதில் மட்டும் ஒரு மயிரிழை அசைந்தது. துளைகள் இப்போது கீழே இறங்குவதில்லை, ஆனால் புதிய தோட்டா வகைக்கு மாறியதிலிருந்து ஒன்றாகச் சேர்ந்து சற்று வலப்பக்கம் விழுகின்றன. அடுத்த முறை பின்குறியை இரண்டு சொடுக்கு இடப்பக்கம் திருப்பிப் பார்க்க வேண்டும்.